2009-இல் 15 லட்சம், 2010-இல் மூன்று கோடி: இந்த சால்மன் கணக்கு எப்படி?

கரையோரன்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்தேன், இன்றைக்குத்தான் இழை தொடங்குகிறேன்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓடும் ஃபிரேசர் ஆற்றில் சாக்கை என்கிற சிவப்பு சால்மன் ஏறி வருகிறது இல்லையா? 2009-இல் ஒரு கோடிக்கு மேல் வரும் என்று கணித்தார்கள். வந்தது 15 லட்சம் வாக்கில். கனடா அரசு நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணை ஆணையமே அமைத்தது. அந்த ஆணையம் வேலையைத் தொடங்கிக்கொண்டிருக்கும்போதே, 2010-இல் மூன்று கோடியை ஒட்டி மீன் வந்து நின்றது. 1913-க்குப் பிறகு அத்தனை மீன் வந்ததில்லையாம்.

அதே ஆறு, அதே கடல், அதே மீன். ஒரே வருஷத்தில் இருபது மடங்கு எப்படிப் பெருகும்? ஒரு பெண்மீன் மூவாயிரம், நாலாயிரம் முட்டை இடுகிறது என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் வருஷா வருஷம் ஆறு வழிய வேண்டும். இல்லை, எண்ணினவர்களுக்கே எண்ணத் தெரியவில்லையா?

செதிலாள்:
எண்ணினவர்களைத் திட்டாதீர்கள் 🙂 நானும் சில வருஷம் அந்தப் பக்கத்து வேலையில் இருந்தவள்தான்.

//ஒரே வருஷத்தில் இருபது மடங்கு எப்படிப் பெருகும்?//

பெருகவே இல்லை. 2010-இல் வந்த மீன், 2009-இல் வந்த மீனின் பிள்ளை அல்ல. 2006-இல் ஏறி வந்து முட்டையிட்டவற்றின் பிள்ளை. அந்த 2006-உம் பெரிய வருஷம்தான்.

ஃபிரேசர் சாக்கையில் பெரும்பாலானவை நான்கு வயதில் திரும்புகின்றன. இலையுதிர் காலத்தில் முட்டை. குளிர்காலம் முழுக்கச் சரளைக் கல்லுக்கு அடியில். வசந்தத்தில் குஞ்சு வெளியே வந்து பக்கத்து ஏரிக்குப் போய் ஒரு வருஷம் வளரும். பிறகு வெள்ளி நிறம் பூசிக்கொண்டு கடலுக்கு இறங்கும். கடலில் இரண்டு குளிர்காலம் கழித்துத் திரும்பி வந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். பெற்றோர் எதுவும் பிள்ளையைப் பார்ப்பதில்லை.

ஆக ஒரே ஆற்றில் நான்கு தனித்தனி வரிசைகள் ஓடுகின்றன. 2006, 2010, 2014, 2018 ஒரு வரிசை. 2005, 2009, 2013 இன்னொன்று. நீங்கள் செய்தது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உயரத்தை இந்த வீட்டுப் பிள்ளையின் போன வருஷ உயரத்தோடு ஒப்பிட்ட மாதிரி.

வயது எப்படித் தெரியும் என்று அடுத்துக் கேட்பீர்கள். செதில்தான். மீனின் இடது பக்கம், முதுகுத் துடுப்பின் பின் முனைக்குக் கீழே, பக்கக் கோட்டுக்கு இரண்டு வரிசை மேலே, அந்த இடத்துச் செதிலைத்தான் இடுக்கியால் எடுப்போம். விரலில் வைத்துச் சளியைத் துடைத்து, பசை தடவிய அட்டையில் வரிசையாக ஒட்டி, பின்னால் சூடாக்கிய அழுத்தியில் பிளாஸ்டிக் தகட்டில் அச்செடுத்து, பெரிதாக்கிப் பார்ப்போம். மரக்கட்டை மாதிரி வளையம் வளையமாக இருக்கும். நடுவில் நெருக்கமான சின்ன வளையங்கள், அது ஏரிக் காலம். திடீரென்று இடைவெளி அகலும், அங்கே கடலுக்குப் போயிருக்கிறது. மறுபடி நெருங்கினால் கடலில் ஒரு குளிர்காலம். ஏரியில் ஒன்று, கடலில் இரண்டு என்றால் "1.2" என்று எழுதுவோம். சரளைக்குள் கழிந்த முதல் குளிர்காலம் செதிலில் இருக்காது, அதனால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். மொத்தம் நாலு வயது.

கரையோரன்:
அடடா. நன்றி அக்கா. அந்த 1.2 சமாச்சாரம் பிடித்துவிட்டது. ஆனால் அடுத்த கேள்வி தானாக வருகிறது: நான்கு வரிசையும் ஒரே ஆறு, ஒரே ஏரி என்றால், ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு பெரிசு? மற்றவை ஏன் எழுந்திருக்கவே இல்லை?

வடதிசை:
இதற்கு ஒரே விடை சொல்கிறவரை நம்பாதீர்கள். எழுபது எண்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபிரேசரின் பெரிய கூட்டங்களில் இந்த நாலு வருஷச் சுழற்சி அப்பட்டமாகத் தெரியும். ஆடம்ஸ் ஆற்றுக் கூட்டம் அதில் பேர்போனது. ஒரு ராஜா வருஷம், அடுத்தது நடுத்தரம், பிறகு இரண்டு வருஷம் ஒன்றுமே இல்லாத மாதிரி.

ஒரு சாரார் ஏரியில் உள்ள டிரௌட் மீனைக் காட்டுகிறார்கள். பெரிய வருஷத்துக் குஞ்சுகளை டிரௌட் தின்று தீர்க்க முடியாது. ஆனால் அந்தத் தீனியில் கொழுத்த டிரௌட், அடுத்த வருஷத்துக் கொஞ்சக் குஞ்சுகளைத் துடைத்துவிடும். ஆக சின்ன வரிசை சின்னதாகவே கிடக்கும். இன்னொரு சாரார் ஏரியின் நுண்ணுயிர் மிதவைகளைப் பெரிய வருஷம் மேய்ந்துவிட்டுப் போவதைச் சொல்கிறார்கள். ஒட்டுண்ணி என்பார் உண்டு. மீன்பிடிதான் சின்ன வரிசையை நசுக்கி வைத்தது என்பார் உண்டு. எனக்கு டிரௌட் கதை பாதி நம்பும்படி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். பழைய ராஜா வரிசை இது அல்ல. 1901, 1905, 1909, 1913 தான். 1913-இல் ரயில் பாதைக்காகப் பாறை வெடிவைத்ததில் ஹெல்ஸ் கேட் என்ற இடுக்கில் கல் சரிந்தது. 1914-இல் இன்னொரு சரிவு. ஏற்கெனவே குறுகலான இடுக்கு, தண்ணீர் வேகம் இன்னும் கூடிவிட்டது, மீன் ஏற முடியவில்லை. 1917-இல் அந்த வரிசை படுத்துவிட்டது. மீன்வழி கட்டினது 1940-களின் நடுவில்தான். 1913-ஐ நான்கு நான்காகக் கூட்டிக்கொண்டே வாருங்கள், 2009-இல் வந்து நிற்பீர்கள். அந்த "மோசமான" 2009, ஒருகாலத்து ராஜாவின் வம்சம்.

கணக்குப்பிள்ளை:
//அப்படிப் பார்த்தால் வருஷா வருஷம் ஆறு வழிய வேண்டும்//

வழியாது. ஒரு ஜோடிக்குச் சராசரியாக இரண்டு பேர் திரும்பி முட்டையிட்டால் கூட்டம் அப்படியே நிற்கிறது என்று பொருள். மீதி மூவாயிரத்துச் சொச்சமும் வழியில் போக வேண்டியவைதான்.

கைக்கணக்காகப் போடுகிறேன், எந்த ஆற்றின் அளவும் இல்லை, வரிசை புரிய மட்டும். 3500 முட்டை. பத்தில் ஒன்று குஞ்சாக வெளியே வந்தால் 350. ஏரியில் ஒரு வருஷம் தாண்டிக் கடலுக்கு இறங்குவது 90 என்று வையுங்கள். கடலில் நூற்றுக்கு ஐந்து பிழைத்தால் நாலரை மீன் திரும்பும். பாதியை வலை எடுத்தால் இரண்டு சொச்சம் மேலே போகும். கூட்டம் நிலையாக இருக்கிறது.

இப்போது கடலில் ஐந்துக்குப் பதில் ஒன்று பிழைத்தது என்று வையுங்கள். ஒரு மீன்கூடத் திரும்பவில்லை. பத்து பிழைத்தால்? ஒன்பது. நூற்றுக்கு 99 சாவதும் 90 சாவதும் காதில் ஒரே மாதிரிதான் கேட்கும். திரும்பி வரும் மீனில் பத்து மடங்கு வித்தியாசம். 2009-இல் திரும்ப வேண்டியவை 2007-இல் கடலுக்குள் போனவை. போன முதல் சில மாதங்களிலேயே பெரும் அடி வாங்கியிருக்கின்றன என்பதுதான் பொதுவான கருத்து. 2010-க்காரர்கள் 2008-இல் இறங்கினார்கள், கடல் கைகொடுத்தது. கோஹன் அறிக்கை 2012-இல் வந்தபோதும், இன்ன ஒரே காரணம் என்று அது யாரையும் கைகாட்டவில்லை.

நீலக்கடல்:
எல்லாம் சரி, கணக்குப்பிள்ளை சார். உங்கள் கணக்கிலேயே பாதியை வலை எடுக்கிறது. அதை நிறுத்தினால் நாலரையும் மேலே போகும். அடுத்த தலைமுறை இரட்டிப்பு. இதில் என்ன விவாதம்?

கணக்குப்பிள்ளை:
விவாதம் அங்கேதான் ஆரம்பம். மேலே போகும் மீன் இரட்டிப்பானால் பிள்ளை இரட்டிப்பாகாது. ஒரு கட்டத்துக்கு மேல் குறையக்கூடச் செய்யும்.

பெண்மீன் வாலால் சரளையை அடித்துக் குழி பறித்து முட்டையிடுகிறது. இடம் கொஞ்சம்தான். பிந்தி வருகிறவள் முந்தி வந்தவளின் குழி மேலேயே பறிப்பாள், பழைய முட்டை ஆற்றோடு போகும். கல்லுக்கடியில் நெருக்கடி என்றால் முட்டைக்கு உயிர்வளி கிடைக்காது. இதையெல்லாம் வைத்துத்தான் நனைமோ ஆய்வு நிலையத்தோடு நெடுங்காலம் தொடர்புடைய பில் ரிக்கர் 1954-இல் தன் வளைவை எழுதினார். முட்டையிட வந்த தாய்மீன் கீழே, அதன் பிள்ளை எண்ணிக்கை மேலே என்று வரைந்தால் கோடு ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு குன்று மாதிரி இறங்கும். அந்த உச்சிக்கு இடதுபக்கம், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள இடைவெளி எங்கே அதிகமோ, அதுதான் பிடிக்கத்தக்க மிச்சம். உலகம் முழுக்க மீன்வளக் கணக்கில் இன்றும் அந்த வளைவு ஓடிக்கொண்டிருக்கிறது.

நீலக்கடல்:
வளைவு அழகாகத்தான் இருக்கும். அதன் மேல் உண்மையான புள்ளிகளை வைத்துப் பாருங்கள், யாரோ கைப்பிடி மிளகை எறிந்த மாதிரி சிதறிக் கிடக்கும். அதற்குள் எந்தக் குன்றையும் வரையலாம்.

இரண்டாவது, "மிச்சம்" என்ற சொல்லே எனக்கு ஒவ்வவில்லை. ஆற்றில் சாகும் மீன் வீணாவதில்லை. கரடி இழுத்துக்கொண்டு போய்க் காட்டில் பாதியைப் போட்டுவிடுகிறது. கடலில் கூடுதலாக இருக்கும் கனமான நைட்ரஜன் வகையை ஆற்றோர மரங்களிலேயே கண்டிருக்கிறார்கள். அது உங்கள் வளைவில் எங்கே?

மூன்றாவது, இதுதான் முக்கியம்: எந்த மீனுக்கு வளைவு? ஃபிரேசரில் ஏறுவது ஒரு கூட்டமா?

செதிலாள்:
மூன்றாவது கேள்விக்காக நீலக்கடல் தம்பிக்கு ஒரு கைதட்டல். முதல் இரண்டில் கணக்குப்பிள்ளை சார் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு, மிளகு உவமையை அவரே ஒப்புக்கொள்வார்.

சால்மன் தான் பிறந்த நீரின் வாசனையை நினைவில் வைத்துத் திரும்புகிறது. கடலில் இருந்து ஆற்றுவாய் வரை பூமியின் காந்தப்புலமும் வழிகாட்டுகிறது என்பதற்கு ஃபிரேசர் சாக்கையிலேயே சான்று உண்டு. இப்படித் தன் வீட்டுக்கே திரும்புவதால் ஒவ்வொரு ஓடையும் நாளடைவில் தனிக் கூட்டமாகிவிடுகிறது. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் ஹான்சன் ஓடை என்று ஒன்று. தண்ணீர் ஒரு சாண் ஆழம்கூட இல்லை. மீனின் முதுகு வெளியே தெரிய, கல்லில் உரசிக்கொண்டு, பக்கவாட்டில் புரண்டு புரண்டு ஏறும். பெரிய மீனைக் கரடி முதலில் பிடித்துவிடும். அதனால் அங்கே வாழ்கிறவை ஒல்லி. ஏரிக்கரையில் முட்டையிடும் கூட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை, ஆண்மீன் முதுகு திமில் மாதிரி உயர்ந்து தட்டையாக இருக்கும். இரண்டும் சாக்கைதான், ஒரே வலையில்தான் விழுகின்றன.

சிக்கல் அந்த வலையில். வளமான கூட்டம் பாதிக்கு மேல் பிடிபட்டாலும் தாங்கும். அதோடு கலந்து நீந்தும் மெலிந்த கூட்டம் அதே வீதத்தில் பிடிபட்டால் சத்தமில்லாமல் போய்விடும். மொத்த எண்ணிக்கையைப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

பிரிஸ்டல் விரிகுடா ஏன் நிற்கிறது என்றால், அங்கே அந்தச் சின்னச் சின்னக் கூட்டங்கள் இன்னும் உயிரோடு இருப்பதால். நூறாண்டுக் கணக்கில் பெரிய ஆறாக இருந்த க்விசாக் 1990-களின் கடைசியில் சரிந்தது. அதே நேரம் பக்கத்து ஆறுகள் தூக்கிப் பிடித்தன. ஷிண்ட்லர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2010-இல் ஐம்பது வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே கூட்டமாக இருந்திருந்தால் ஏற்ற இறக்கம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்திருக்கும், மீன்பிடியை மூட வேண்டிய வருஷங்கள் பத்து மடங்கு வந்திருக்கும் என்று கண்டார்கள். 2022-இல் அங்கே 7.9 கோடி சாக்கை வந்தது, அதுவரை காணாத எண்ணிக்கை.

எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து ரெட்ஃபிஷ் ஏரி. கடலில் இருந்து 1400 கிலோமீட்டருக்கு மேல், வழியில் எட்டு அணை. 1992-இல் அந்த ஏரிக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு ஆண்மீன். அதற்கு லாரி என்று பேர் வைத்தார்கள். அதே வருஷம் பிரிஸ்டல் விரிகுடாவில் சாக்கை கோடிக்கணக்கில். "சாக்கை நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

கணக்குப்பிள்ளை:
மிளகை ஒப்புக்கொள்கிறேன். 🙏 ஆனால் பிரிஸ்டல் விரிகுடாவில் எண்ணாமல் இதெல்லாம் தெரிந்திருக்காது என்பதையும் சொல்லுங்கள். ஆற்றோரம் கோபுரம் போட்டு, ஒரு ஆள் மேலே நின்று, ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிஷம், தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் சொடுக்கியை வைத்து எண்ணுகிறார்கள். பிறகு ஆறால் பெருக்கல். கீழ்நோக்கி மிதந்து போகும் மீனைக் கழிக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்றைக்கு வலை விடலாமா கூடாதா என்று முடிவு. முதலில் மேலே போக வேண்டியது போகட்டும், பிறகு வலை என்பது அங்கே சட்டம். நான் "பாதியை எடுத்தால்" என்றது அந்த ஒழுங்கைத்தான்.

நீலக்கடல்:
அந்த ஒழுங்குக்கு நான் எதிரி இல்லை.

தும்பி:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். எல்லாரும் எண்ணிக்கையே பேசுகிறீர்கள். எனக்கு அடிப்படையே புரியவில்லை: ஏன் சாக வேண்டும்? களைத்துப்போயா?

செதிலாள்:
களைப்பு மட்டும் இல்லை. பிங்க் சால்மன் என்ற இன்னொரு இனம் சில இடத்தில் கடல்வாய்க்குப் பக்கத்திலேயே முட்டையிடுகிறது, நீண்ட பயணமே இல்லை. அதுவும் சாகிறது. ஸ்டீல்ஹெட் அதே பேரினத்து மீன், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஏறும், ஆனாலும் ஒரு பகுதி பிழைத்துக் கடலுக்குத் திரும்பி மறுபடி வரும்.

உடல் சாவை ஏற்பாடு செய்துகொள்கிறது. இரைப்பை சுருங்கி, தின்பது நின்று, அட்ரினல் சுரப்பு தாறுமாறாக ஏறி, எதிர்ப்புச் சக்தி போய், தோலில் பூஞ்சை படரும். கடலுக்கே போகாத ஏரி சாக்கை உண்டு, கோகனி என்பார்கள். 1961-இல் ராபர்ட்சன் என்பவர் அதில் சிலவற்றுக்கு இனப்பெருக்க உறுப்பு வளரும் முன்பே அதை எடுத்துவிட்டார். மற்றவை முட்டையிட்டுச் செத்தன. இவற்றில் சில எட்டு வயது வரை இருந்தன. மறுபடி ஒரு முறை பிழைத்து வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்றால், இருப்பதையெல்லாம் ஒரே முட்டையிடலில் கொட்டிவிட்டு, மிச்ச நாளில் குழியைக் காவல் காப்பதே லாபம் என்று பரிணாமக்காரர்கள் சொல்வார்கள்.

தும்பி:
//கடலில் இரண்டு குளிர்காலம் கழித்து// எல்லாமே இப்படியா? ஒன்றுகூட முந்தாதா?

வடதிசை:
முந்தும், அதுதான் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. ஆண்மீன்களில் ஒரு வருஷம் முன்னதாகவே திரும்பிவிடும் குட்டை ஆட்கள் உண்டு, "ஜாக்" என்று பெயர். கோஹோ என்ற சால்மன் இனத்தில் இது தெளிவு. பெண்கள் மூன்று வயதில் வரும். ஆண்களில் பெரியவை மூன்று வயது, கொக்கி மாதிரி வளைந்த தாடையோடு ஒன்றையொன்று கடித்துச் சண்டையிட்டுப் பெண்ணின் பக்கத்தில் இடம் பிடிக்கும். ஜாக் இரண்டு வயது, கடலில் ஆறு மாதம்தான். சண்டைக்கே போகாது. கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, முட்டை விழும் நொடியில் பாய்ந்து தன் வேலையை முடித்துவிடும். இரண்டுங்கெட்டான் அளவுதான் தோற்கும்: ஒளியவும் பெரிசு, மோதவும் சிறிசு. மார்ட் கிராஸ் என்ற ஆய்வாளர் இதை 1985-இலேயே காட்டினார். வேடிக்கை என்னவென்றால், சிறுவயதில் வேகமாக வளர்ந்தவைதான் ஜாக் ஆகின்றன. நோஞ்சான்கள் அல்ல.

இது வெறும் குறும்பு இல்லை. செதிலாள் சொன்ன தனித்தனி வரிசைகளைத் தைக்கும் ஊசி இந்த ஜாக். 2010 வரிசையில் பிறந்தவன் 2013-இலேயே வந்துவிட்டால், அவன் 2009 வரிசைப் பெண்ணோடு சேர்கிறான். ஐந்து வயதில் வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் தைக்கிறார்கள். ஒரு வருஷம் கல் சரிந்து ஆறே அடைபட்டாலும், அந்தத் தலைமுறை மொத்தமும் அந்த ஒரே வருஷத்தில் மாட்டாது, கொஞ்சம் கடலில் மிச்சமிருக்கும்.

பிங்க் சால்மனிடம் அந்தத் தையல் கிடையாது. எல்லாமே சரியாக இரண்டு வயது. அதனால் ஒற்றை வருஷப் பிங்கும் இரட்டை வருஷப் பிங்கும் ஒரே ஓடையில் முட்டையிட்டாலும் மரபில் தனித்தனி. ஃபிரேசரில் ஒற்றை வருஷத்தில்தான் பிங்க் வரும். இரட்டை வருஷத்தில் போனால் வெறும் தண்ணீர்.

செதிலாள்:
அதற்கு ஒரு விதிவிலக்கு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1956-இல் சுப்பீரியர் ஏரியில் பிங்க் குஞ்சுகள் தவறுதலாகப் போய்ச் சேர்ந்தன. கடலே பார்க்காமல் பிழைத்து ஐந்து பேரேரிகளுக்கும் பரவிவிட்டன. முதலில் ஒற்றை வருஷத்தில் மட்டும் வந்தன. பிறகு இரட்டை வருஷத்திலும் வர ஆரம்பித்தன. குளிர்ந்த, தீனி குறைந்த ஏரியில் சிலது வளரத் தாமதமாகி மூன்று வயதில் முதிர்ந்ததுதான் காரணம். கடிகாரம் அவ்வளவு இறுக்கம் இல்லை.

நீலக்கடல்:
பிங்கைப் பற்றிப் பேசும்போது பண்ணைக் குஞ்சையும் சொல்லுங்கள். வட பசிபிக்கில் எல்லா நாடும் சேர்ந்து வருஷத்துக்கு 500 கோடி அளவில் சால்மன் குஞ்சை விடுகின்றன, பெரும்பங்கு சம் என்ற சால்மன் இனமும் பிங்கும். ஒற்றை வருஷத்தில் பிங்க் குவியும்போது சாக்கையின் வளர்ச்சி குறைகிறது என்று ஆய்வுகள் உண்டு. கடல் என்ன அடியில்லாத பானையா?

வடதிசை:
அதோடு, வருகிற மீன் இளசாகிக்கொண்டே போகிறது. அலாஸ்காவில் சினூக் என்ற சால்மன் இனத்தின் நீளம் 1990-க்கு முன் இருந்ததைவிட 2010-க்குப் பின் சராசரியாக 8 சதவீதம் குறைவு. பெரும்பாலும் வயது குறைந்ததால். நீளத்தில் எட்டு என்றால் எடையிலும் முட்டையிலும் அதைவிடப் பெரிய இழப்பு. கோபுரத்தில் நின்று எண்ணுகிறவருக்கு அதுவும் ஒரு சொடுக்கு, இதுவும் ஒரு சொடுக்கு. யூகான் ஆற்றுச் சினூக் படுத்துப்போய், 2024-இல் அலாஸ்காவும் கனடாவும் ஏழு வருஷத்துக்கு அதைப் பிடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டன. ஏழு வருஷம் ஏன்? சினூக்கின் ஒரு முழுச் சுற்று.

கணக்குப்பிள்ளை:
இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தாய்மீன் எண்ணிக்கைக்குப் பதில் முட்டை எண்ணிக்கையை வைத்து வளைவு போட்டால் யூகான் வேறு மாதிரி தெரியும்.

கரையோரன்:
ஒரு சின்னச் சந்தேகத்துக்கு இவ்வளவு வருமென்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. செதிலாள் அக்கா, ஒரே ஒரு கேள்வி. 2010, 14, 18, 22 என்றால் அடுத்தது 2026 தானே? ஆடம்ஸ் ஆற்றுக்குப் போனால் பார்க்கலாமா?

செதிலாள்:
2026 தான். அக்டோபர் முதல் பாதியில் போங்கள். ஆனால் ராஜா வருஷம் என்பதால் உறுதி என்று எண்ண வேண்டாம், 2022-இல் கணித்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது. தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் கண்ணாடி கட்டாயம். நாற்றத்துக்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். கரையோரச் சரளையில் கால் வைக்காதீர்கள், கீழே முட்டை இருக்கும்.

செத்துக் கிடக்கும் மீனிடம் செதில் எடுத்து வயது பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு எனக்கு எழுதாதீர்கள் 🙂 முட்டையிடும் நேரத்தில் மீன் தன் செதில் ஓரத்தையே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும், கடைசிக் கடல் வருஷம் அழிந்துபோயிருக்கும். அதற்குக் காதுக்குள் இருக்கும் கல்லைத்தான் பார்க்க வேண்டும்.

தும்பி:
காதுக்குள் கல்லா?? அதற்குத் தனி இழை வேண்டும் அக்கா.